பின் டயர் மாற்றிய பிறகு ஓடும்போது ஏபிஎஸ் விளக்கு எரிகிறது: சென்சார் வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

நாலாவது_கியர்:
முன்னும் பின்னும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம பார்த்துக்கிற அமைப்பு) உள்ள பைக். பின் டயர் மாத்தி, செயினையும் டைட் பண்ணதுல இருந்து பிரச்சினை. சாவி போட்டா விளக்கு எரியுது, கிளம்பினதும் வழக்கம்போல அணையுது. 30, 40 கி.மீ. வேகம் வந்ததும் திரும்ப எரியுது, அப்புறம் சாவியை அணைக்கிற வரைக்கும் போகலை. ஸ்கேனர்ல "பின் சக்கர வேக சென்சார், சிக்னல் தவறு"ன்னு கோடு (பிழைக் குறியீடு) வருது. அழிச்சாலும் அடுத்த ஓட்டத்துல வந்துடுது. முன் சக்கரத்துக்கு எந்தக் கோடும் இல்லை. டயர் அதே அளவுதான்.

கனெக்டரைக் கழட்டி சென்சாரை ஓம்ஸ்ல வெச்சுப் பார்த்தேன், ஓப்பன்னு (இணைப்பே இல்லைன்னு) காட்டுது. அப்ப சென்சார் போச்சுதானே? இன்னொண்ணு, பாடாக் ஸ்டாண்டுல (பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்டாண்டு) நிறுத்தி கியர் போட்டு ஓட விட்டாலும் இதே விளக்கு எரியுது.

ஸ்பேனர்_பதினாலு:
இப்போதைக்குச் சென்சார் வாங்காதீங்க. "பின் பக்கத்துல இருந்து சரியான சிக்னல் வரலை" என்பது மட்டும்தான் அந்தக் கோடு. சென்சார் பழுதுன்னு அது எங்கேயும் சொல்லலை. பல் வளையம் (சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பல் வெட்டின தகடு, சென்சார் அதோட பல்லைத்தான் பார்க்கும்), அதுக்கும் சென்சாருக்கும் நடுவுல உள்ள இடைவெளி, சென்சார், வயர், கனெக்டர் எல்லாம் அந்தப் பாதையில வரும்.

முதல்ல ஸ்டாண்டு விஷயத்தை ஒதுக்கி வைங்க. பின் சக்கரம் சுத்துது, முன் சக்கரம் நிக்குது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஏபிஎஸ் யூனிட் (கட்டுப்பாட்டுப் பெட்டி) இதைக் கோளாறுன்னு எழுதி வெச்சுடும். நல்லா இருக்கிற பைக்லயும் இது நடக்கும். செயின் துடைக்கணும்னா நியூட்ரல்ல போட்டுக் கையால சுத்துங்க (எஞ்சினை ஓட விட்டு செயின் துடைச்சா விரல் போயிடும், அது வேற கதை).

நீங்க சொன்னதுல எனக்கு முக்கியமாப் படுறது, கிளம்பினதும் விளக்கு அணையுதுங்கிறது. வயர் முழுசா அறுந்திருந்தாலோ சென்சார் செத்திருந்தாலோ, சாவி போட்டதும் நடக்கிற சோதனையிலேயே யூனிட் கண்டுபிடிச்சுடும், விளக்கு அணையவே அணையாது. உங்களுக்கு வேகம் வந்த பிறகுதான் சிக்னல் கெடுது. அதனால வளையம், இடைவெளி, இல்லேன்னா அதிர்வுல விட்டு விட்டுத் தொடுற வயர். டயர் கழட்டின பிறகு வந்ததால என் சந்தேகம் வளையத்து மேலதான். சக்கரத்தை டிஸ்க் பக்கம் கீழே வெச்சு டயர் கழட்டினா மொத்த எடையும் அந்த மெல்லிய வளையத் தகடு மேல இறங்கும்.

எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால சுத்தி, ஒரு சுற்றுல எட்டு இடத்துல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டு இடைவெளி எடுங்க. பித்தளை கேஜா இருந்தா நல்லது, இரும்புத் தகடு சென்சார் காந்தத்துல ஒட்டிக்கிட்டு அளவைக் கெடுக்கும். பொதுவா 0.3 முதல் 1.5 மி.மீ.க்குள்ள இருக்கும், உங்க மாடலோட எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். சராசரியை விட, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுதுன்னுதான் பார்க்கணும்.

சென்சார் நுனியில கருப்பா இரும்புத்தூள் ஒட்டியிருந்தா துணியால துடைங்க. பற்களுக்கு நடுவுல செயினுக்குப் போடுற மசகும் மண்ணும் இறுகியிருந்தா பிளாஸ்டிக் குச்சியால எடுங்க. அப்படியே ஆக்சில் ஸ்பேசர் ரெண்டும் இடம் மாறாம இருக்கான்னும், காலிப்பர் பிராக்கெட் (பிரேக் காலிப்பரைத் தாங்குற துண்டு) ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) காடியில முழுசா உக்காந்திருக்கான்னும் பாருங்க. சென்சார் அந்த பிராக்கெட்லதான் இருக்கு. பிராக்கெட் சாய்ஞ்சா இடைவெளியும் மாறும்.

மில்லி_ஆம்பியர்:
ஓம்ஸ் அளவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. சென்சாரில் இரண்டு வகை உண்டு. பழைய வகை வெறும் காயில். சில நூறு ஓமிலிருந்து இரண்டு கிலோ ஓம் வரை காட்டும், சக்கரத்தைச் சுற்றினால் ஏசி வோல்ட் வரும். இப்போது பெரும்பாலும் வருவது, உள்ளே சர்க்யூட் உள்ள ஹால் வகை. அதை ஓம்ஸில் அளந்தால் ஓப்பன் காட்டலாம், மீட்டர் முனைகளை மாற்றிப் பிடித்தால் வேறொன்றும் காட்டலாம். இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது.

இரண்டு வயர் ஹால் சென்சார் மின்னோட்டத்தால் பேசுகிறது. பல் எதிரே வரும்போதும் பள்ளம் வரும்போதும் சுமார் 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி இழுக்கும். சோதிப்பது இப்படி: கனெக்டரைக் கழற்றி, வயரிங் படத்தில் எது சப்ளை என்று பார்த்து, 12 வோல்ட் பாசிட்டிவை அதில் கொடுங்கள். மற்ற முனையிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவுக்குப் போங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுக்காதீர்கள். ரெசிஸ்டரின் இரு முனையிலும் டிசி வோல்ட் பாருங்கள். சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தினால் 0.7, 1.4 என்று துள்ள வேண்டும்.

துள்ளுவதோடு விடாதீர்கள், எண்ணுங்கள். வால்வ் இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்து ஒரே ஒரு சுற்று. வளையத்தில் எத்தனை பல்லோ அத்தனை முறை ஏறி இறங்க வேண்டும். குறைந்தால், எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று வளையத்தில் சாக்பீஸால் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கனெக்டரின் பெண் முனைக்குள் மீட்டர் முள்ளைத் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் தகடு விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும். பின்பக்கம் ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய ஊசி விட்டு அளப்பதே சரி. வயரையும் பார்க்க வேண்டுமென்றால் சென்சார் கனெக்டரிலிருந்து யூனிட் கனெக்டர் வரை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போதே ஸ்விங் ஆர்ம் மூட்டருகே வயரை வளைத்து ஆட்டுங்கள். வெளித்தோல் நன்றாக இருந்து உள்ளே செம்பு முறிவது அங்கேதான்.

நாலாவது_கியர்:
எட்டு இடத்துல ஆறுல 0.7, 0.8 மி.மீ. அடுத்தடுத்து ரெண்டு இடத்துல மட்டும் 1.5. மேனுவல் 0.4 முதல் 1.2 வரைன்னு சொல்லுது. ரெசிஸ்டர் வெச்சுப் பார்த்ததுல 0.71, 1.42 துள்ளுது, ஆனா 48 பல்லுக்கு 45 தடவைதான். விட்டுப்போற மூணும் அந்த 1.5 இருக்கிற இடத்துலதான். வயரை ஆட்டினா மாற்றம் இல்லை. ஸ்பேசர், பிராக்கெட் சரியா இருக்கு.

வளையத்தைத் தட்டி நேராக்கலாமா? அதுவரைக்கும் ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிட்டு ஓட்டலாமா?

ஸ்பேனர்_பதினாலு:
தட்ட வேண்டாம். ஒரு பல்லைத் தட்டினா பக்கத்துப் பல் கிளம்பும். ஆனா வளையத்தைக் கழட்டி முதல்ல ஒரு கண்ணாடி மேல வெச்சுப் பாருங்க. மட்டமா உக்காந்தா வளையம் வளையலை, ஹப் முகத்துல துருவோ பழைய லாக்டைட் (போல்ட் கழலாம இருக்கப் போடுற பசை) கட்டியோ நின்னு அதைத் தூக்கியிருக்கு. அதைச் சுரண்டி எடுத்தாலே போதும். ஆடினா புது வளையம்தான் வழி.

சில பைக்ல டிஸ்க் போல்ட்டே வளையத்தையும் பிடிக்கும். அப்படி இருந்தா அதே நீளப் போல்ட், திரெட்லாக் (அதே மாதிரிப் பசை) கொஞ்சம், எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்கி, கடைசியில மேனுவல் சொல்ற டார்க் (இறுக்க அளவு). மாட்டினதும் எட்டு இடத்துலயும் திரும்ப அளந்துடுங்க. சென்சாருக்கு அடியில வாஷர் வெச்சோ அரம் போட்டோ இடைவெளியைச் சரிக்கட்டாதீங்க. ஒரு பக்கம் சரியாகும்போது இன்னொரு பக்கம் பல் சென்சாரைத் தேய்க்கும்.

பழைய_காலிப்பர்:
ஃபியூஸ் பற்றி. விளக்கு எரிந்தபடி நின்றால் ஏபிஎஸ் ஏற்கெனவே விலகிவிட்டது, பிரேக் சாதாரண பிரேக்காக வேலை செய்யும். அந்த நிலையில் ஃபியூஸைப் பிடுங்குவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. எனக்கு உறுத்துவது விளக்கு எரிவதற்கு முந்தைய நேரம். அப்போது யூனிட் அந்தக் கெட்ட சிக்னலை நம்பிக்கொண்டிருக்கிறது. மெதுவாக வந்து நிற்கப் போகும்போது மூன்று பல் விட்டுப்போனால், சக்கரம் பூட்டிக்கொண்டது என்று எண்ணி பிரஷரை விடுவிக்கலாம். பிடித்த பிரேக் ஒரு கணம் நழுவும், பெடலில் துடிப்பு தெரியும். அப்படி ஒருமுறை உணர்ந்தாலும் வளையம் வரும்வரை ஓட்டாமல் இருப்பதே மேல். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் மட்டும் ஃபியூஸைப் பிடுங்குங்கள், ஈரச் சாலையில் பின் பிரேக் பூட்டும் என்பதை நினைவில் வைத்து. முன், பின் பிரேக் இணைந்து வேலை செய்யும் மாடல் என்றால் மேனுவல் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஸ்பீடோ முள் சில நேரம் துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள். பல பைக்குகளில் ஸ்பீடோவுக்கும் இதே பின் சென்சார்தான் சிக்னல் தருகிறது. அப்படிப்பட்ட பைக்கில் ஃபியூஸைப் பிடுங்கினால் ஸ்பீடோவும் போகலாம்.

இதே விளக்கோடு வருகிற மற்றவர்களுக்கு: இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்தோ, தினம் ஒரு கோடாகவோ வந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது 13.5 முதல் 14.5. டயர் அளவை மாற்றினாலும் இரு சக்கர வேகமும் ஒத்துப்போகாமல் கோடு வரும். பல ஹோண்டாக்களில் விளக்கு மினுக்கிச் சொல்லும் கோடுகளில் 71 டயர் அளவுக்கென்றே இருக்கிறது.

நாலாவது_கியர்:
ஸ்பீடோ துள்ளுது, கேட்ட பிறகுதான் கவனிச்சேன். கண்ணாடி மேல வெச்சதுல வளையம் ஆடுது, புதுசு போட்டாச்சு. இப்ப எட்டு இடத்துலயும் 0.7 முதல் 0.8, 48க்கு 48. ஆனா சாவி போட்டா விளக்கு இன்னும் எரிஞ்சுக்கிட்டேதான் நிக்குது?

மில்லி_ஆம்பியர்:
நின்ற இடத்தில் அணையாது. ஸ்கேனரில் கோடை அழித்து, சாவியை அணைத்துப் போட்டு, ஆளில்லாத நேர்ச்சாலையில் 30க்கு மேல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சக்கரங்கள் உருண்டு இரண்டு சிக்னலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் யூனிட் விளக்கை அணைக்கும்.