வியட்நாம் பயணம்: ரூபாயை இங்கேயே டாங்காக மாற்றலாமா, டாலராகக் கொண்டுபோகலாமா?

மதுரைப் பயணி:
வணக்கம். பெற்றோருடன் ஹனோய், ஹாலோங் விரிகுடா, டா நாங் ஆகிய இடங்களுக்குச் செல்ல இருக்கிறேன். பணம் மாற்றித் தரும் முகவர் ஒருவர் இங்கேயே வியட்நாம் பணமான டாங்கை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்; நண்பர்களோ டாலர்தான் நல்லது என்கிறார்கள். எதில் இழப்பு குறைவு? அம்மாவின் கையிலும் சிறிது பணம் கொடுத்துவைக்க வேண்டும் என்பதால், தாள்களை அடையாளம் காணும் வழியையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கீழைக்காற்று:
டாலரே நல்லது. இந்தியாவில் டாங் அதிகம் புழங்காத பணம் என்பதால், அதை விற்பவர் தம் இலாபத்தைத் தாராளமாகச் சேர்த்தே விலை சொல்வார். ஆகவே இரண்டு முறை மாற்ற நேர்ந்தாலும் டாலர் வழியில் இழப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவரிடம் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிழிசலோ கிறுக்கலோ இல்லாத 100 டாலர் தாள்களாகக் கேளுங்கள். சிறிய தாள்களுக்கும் அழுக்கான தாள்களுக்கும் அங்கே விலையைக் குறைப்பதுண்டு.

நகைக்கடைகளில் கூடுதல் விலை கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். அனுமதி பெறாத கடையில் பணம் மாற்றுவது அந்நாட்டில் சட்டமீறல். 2018-இல் கன் தோ நகரில் நகைக்கடையொன்றில் 100 டாலரை மாற்றிய உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 9 கோடி டாங் அபராதம் விதித்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்த பிறகே அதைத் தள்ளுபடி செய்தார்கள். பெற்றோரை அழைத்துச் செல்லும் நீங்கள் வங்கிக் கிளையிலேயே மாற்றிவிடுங்கள்.

கணக்கர்:
மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஏடிஎம் அட்டையும் ஒன்று கையில் இருக்கட்டும். இயந்திரமோ கடைக்காரரோ "ரூபாயில் கணக்கிடலாமா?" என்று கேட்டால், தயங்காமல் மறுத்து டாங்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்த இயந்திரத்தின் வங்கி முடிவு செய்யும். டாங் என்றால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களின் விலையும் உங்கள் வங்கியின் கட்டணமும் மட்டுமே சேரும். இந்த ஒரு பொத்தானில் மக்கள் இழக்கும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், சிறுகச் சிறுக எடுக்காமல் ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

ஹனோய்வாசி:
தாள்களைப் பற்றி நான் சொல்கிறேன். 10,000 முதல் 5,00,000 வரையிலான எல்லாத் தாள்களும் பாலிமர் என்னும் நெகிழியால் ஆனவை, எல்லாவற்றிலும் அந்நாட்டுத் தலைவராக இருந்த ஹோ சி மின் படம்தான். இவற்றில் 20,000, 5,00,000 ஆகிய இரண்டும் நீல நிறச் சாயல் கொண்டவை. ஒன்றின் மதிப்பு மற்றதைப்போல் 25 மடங்கு என்பதால், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் இழப்பு பெரிது. அம்மாவிடம் 1,00,000 வரையிலான தாள்களை மட்டும் கொடுத்து, பெரிய நீலத் தாள்களை நீங்கள் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் விலை சொல்லும்போது கடைசி மூன்று சுழியங்களை விட்டுவிடுவார்கள். ஐம்பது என்றால் 50,000 டாங். மீந்த டாங்கை ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்றுவது கடினம். வங்கி தந்த ரசீதைக் காட்டி, புறப்படும் முன் விமான நிலையத்திலேயே டாலராக மாற்றிக்கொள்ளுங்கள்.