திரையும் கீபோர்டும் இல்லாமல் ராஸ்பெர்ரி பை: எங்கே சிக்கும்?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை (சுருக்கமாகப் பை) மெமரி கார்டிலிருந்து துவக்கி, திரையும் கீபோர்டும் இல்லாமல் லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக இயக்கும்போது சிக்கும் இடங்கள் இவை. பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தால் வைஃபை ஏறவே ஏறாது. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கோப்பில் எழுதி கார்டின் பூட் (துவக்க) பகுதியில் போடும் வழி, 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்போடு முடிந்தது. 'பை' என்ற பயனர்பெயரும் 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லும் 2022 ஏப்ரலிலேயே போய்விட்டன. எஸ்எஸ்எச், அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையும் வசதி, 2016 நவம்பரிலிருந்து மூடியேதான் வருகிறது. ஆகவே கார்டில் எழுதும் முன்பே, கார்டை எழுதும் மென்பொருளான இமேஜரின் அமைப்புகளில் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் பையின் பெயர்), பயனர், வைஃபை, நாட்டுக் குறியீடு, எஸ்எஸ்எச் ஐந்தையும் நிரப்பிவிடுங்கள். நாட்டுக் குறியீட்டை விட்டால் வைஃபை ரேடியோ முடங்கியே கிடக்கும். கடவுச்சொல் தப்போ என்று வீணாகத் தேடுவீர்கள்.

—

இன்னொன்று. பை மாடல்களில் ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ, 3பி மூன்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் ஹாட்ஸ்பாட் 5-இல் இருந்தால் 2.4-க்கு மாற்றுங்கள்.

—

மறுபடி மறுபடி கார்டை எழுதுவதற்கு முன் விளக்கைப் பாருங்கள், தயவுசெய்து. பை 4-இல் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது என்று பொருள். அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். அடாப்டர் சரியாக இருந்தும் மெல்லிய, நீளமான கேபிளிலேயே அழுத்தம் இறங்கிவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி நின்று மீண்டும் நான்கு சிமிட்டினால் துவக்கக் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு என்றால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையக் கோப்பு) கிடைக்கவில்லை. கார்டைத் திரும்ப எழுத வேண்டியது அப்போதுதான்.

முதல் துவக்கத்தில் பை கார்டின் பகுதியை விரித்துவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிடம் விடுங்கள். நடுவில் பிடுங்கினால் கோப்புமுறையே கெட்டுப்போகலாம்.

—

எல்லாம் எரிகிறது, ஆனால் 'ராஸ்பெர்ரிபை டாட் லோக்கல்' (அல்லது நீங்கள் கொடுத்த ஹோஸ்ட்நேமோடு 'டாட் லோக்கல்') என்ற முகவரியில் பை கிடைக்கவில்லையா? ரூட்டரின் பக்கத்தில் இணைந்த கருவிகள் பட்டியலைப் பாருங்கள். அங்கே பையின் ஐபி முகவரி இருந்தால் அதையே எஸ்எஸ்எச்சில் கொடுத்து நுழையலாம். கெஸ்ட் வைஃபை என்றால் பெரும்பாலும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க ரூட்டர் விடாது. லேப்டாப்பையும் பையையும் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். கார்டைத் திரும்ப எழுதிய பிறகு 'ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது' என்று எஸ்எஸ்எச் மிரட்டினால் பயம் வேண்டாம், லேப்டாப்பில் இருக்கும் பழைய சாவியை நீக்கினால் போதும்.

—

எதுவுமே நடக்கவில்லை என்றால் யூஎஸ்பி-சீரியல் கேபிள்: பையின் முள்களை நேராக லேப்டாப்பின் யூஎஸ்பியோடு இணைத்து, பை எழுதும் செய்திகளை லேப்டாப் திரையில் காட்டும். பை 4 வரை: 6-ஆம் முள் கிரவுண்ட், 8 அனுப்பும், 10 வாங்கும். கேபிளின் ஆர்எக்ஸ் (வாங்கும் கம்பி) 8-க்கு, டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி) 10-க்கு. அனுப்புவதை அனுப்புவதோடு நேராக மாட்டினால் திரையில் ஒன்றும் வராது. கார்டின் பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் 'எனேபிள் யூஏஆர்டி' என்ற சீரியல் அமைப்பை 1 ஆக்குங்கள், வேகம் 115200. கேபிள் 3.3 வோல்ட் வகைதானா என்று இருமுறை பாருங்கள், 5 வோல்ட் சிக்னல் முள்ளுக்குப் போனால் சிப் போய்விடும். பை 5-இல் இதற்கென்றே இரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு நடுவே 3 முள் கனெக்டர் தனியாக இருக்கிறது.