ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலி) பேண்டில், அதாவது நமக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பட்டையில், எங்கே உட்காருவது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இறங்கிய முதல் வாரம். பால்கனியில் கம்பி ஆண்டெனா. டயலைத் திருப்பினால் எங்கும் ஆள் நிற்கிறது, 14.100 மெகாஹெர்ட்ஸில் மட்டும் சத்தமே இல்லை. ஐந்தாறு விநாடி கேட்டுவிட்டு மோர்ஸ் குறியீட்டில் மூன்று முறை சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) தட்டினேன். பதில் இல்லை.

மறுநாள் மாலை, எனக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்த அண்ணன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, "மூணு நிமிஷம் சும்மா கேளு தம்பி" என்றார். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் மெல்லிசாக ஓர் அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாள எழுத்துகள்), அதன் பின்னால் நான்கு நீண்ட கோடு. முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியில் 0.1. எனக்கு இரண்டு கோடுதான் கேட்டது. "இது கொழும்பு" என்றார்.

இந்த இடத்தில் உலகம் முழுக்க 18 பீக்கன் நிலையங்கள் (அலை எங்கே எட்டுகிறது என்று காட்டத் தானாகவே குறி அனுப்புபவை), ஆளுக்குப் பத்து விநாடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. நான் காது கொடுத்த நேரத்தில் முறை வந்த நிலையம் பினாங்குக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பேண்ட் திறந்திருக்கிறதா (தூரத்து அலை வந்து எட்டுகிறதா) என்று எத்தனையோ பேர் காத்துக் கேட்கிற இடத்தில் போய்த் தட்டியிருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 18.110, 21.150, 24.930, 28.200 நான்கும் இதே பீக்கன்களுக்கு உரியவைதான். இப்போது ரேடியோவைப் போட்டதும் முதலில் அங்கேதான் போகிறேன், கேட்பதற்கு மட்டும்.

செந்தூல், கோலாலம்பூர்:
எனக்கு 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வந்தது சோதனை. 7.200க்கு மேலே ஓர் அமெரிக்கக் குரல், அவ்வளவு தெளிவு! கை துறுதுறுத்தது. ஆனால் வானொலிக்காக உலகத்தைப் பிரித்ததில் நம் பகுதியான மூன்றாம் மண்டலத்துக்கு 7.000 முதல் 7.200 வரைதான். அதற்கு மேல் இங்கே ஒலிபரப்பு நிலையங்களின் இடம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்று, டயல் எல்லைக்குள் நின்றால் மட்டும் போதாது. 14.349இல் யூஎஸ்பியில் (டயல் எண்ணுக்கு மேல்பக்கமாகக் குரலை அனுப்பும் முறை) பேசினால் குரல் மேல்பக்கமாக விரிந்து 20 மீட்டரின் மேல் எல்லையான 14.350ஐத் தாண்டிவிடும். நான் மூன்று கிலோஹெர்ட்ஸ் உள்ளே தள்ளித்தான் நிற்பேன்.

பட்டர்வொர்த்:
15 மீட்டர் பேண்டில் (21 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு நிமிடம் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன். உடனே ஒரு ஜப்பான்காரர் வந்து, இங்கே ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார், மிக மரியாதையாக. அவரோடு பேசியவர் ஈப்போ! ஈப்போவின் அலை என் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது, ஜப்பான்காரர் அப்போது வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பக்கமும் அமைதி. அன்றிலிருந்து, இடம் காலியா என்று இரண்டு தடவை வாய் விட்டுக் கேட்காமல் அழைப்பதே இல்லை. மோர்ஸ் என்றால் அதே கேள்விக்கான குறியான கியூஆர்எல் தட்டிக் கேட்பேன்.

ஆயர் ஈத்தாம் அண்ணே, 21.150இல் கொழும்பு உங்களுக்கு எந்த நேரத்தில் கேட்கிறது?