180எஸ்எக்ஸ் டிரிஃப்ட் சஸ்பென்ஷன்: மறுபக்கம் மாறும்போது பின்புறம் சாடுகிறது

கேள்வி

வணக்கம். ஜப்பானில் ஃபுகுஷிமாவின் எபிசு ஓடுதளத்தில் டிரிஃப்ட் (வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு) ஓட்டுவதற்கென்று நிஸான் 180எஸ்எக்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சின் எஸ்ஆர்20டிஇடி, காயிலோவரில் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுதி) முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை). கேம்பர் (சக்கரத்தின் மேற்புறச் சாய்வு; உட்பக்கம் சாய்ந்தால் எதிர்மம்) பின்னால் −3 பாகை, முன்னால் −2. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) நான்கு சக்கரங்களிலும் பூஜ்யம். காஸ்டரை (பக்கத்திலிருந்து பார்த்தால் முன்சக்கரத்தின் திருப்ப அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) தொடவே இல்லை.

சறுக்கலைத் தொடங்குவதில் சிரமமில்லை. ஆனால் இடச் சறுக்கிலிருந்து வலச் சறுக்குக்கு மாறும்போது பின்புறம் என் கையை முந்திக்கொண்டு சாடி, வண்டி சுழன்று நின்றுவிடுகிறது. முன்சக்கரம் இன்னும் அதிகம் திரும்புவதற்காக நீட்டிய டை ராடும் (ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) ரேக் ஸ்பேசரும் போட்ட பிறகு, முழுத் திருப்பத்துக்குப் போன ஸ்டீயரிங் சில சமயம் திரும்பி வருவதில்லை. அரை நாள் ஓடிய பின்டயரைக் கழற்றிப் பார்த்தால் உட்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு நூல் தெரிகிறது. வெளிப்பக்கத்திலோ புது டயரின் ரப்பர் முட்கள்கூட உதிரவில்லை. பின்புறப் பிடிப்பை இன்னும் குறைக்கச் சொல்கிறார் நண்பர் ஒருவர். சரிதானா?

மறுமொழி 1

வேண்டாம். பின்புறத்தை வழுக்க வைக்க எஞ்சின் இருக்கிறது. சஸ்பென்ஷனின் வேலை, வழுக்கும்போதும் டயர் முழு அகலத்தில் தரையைக் கவ்வி வண்டியை முன்னோக்கித் தள்ளும்படி பார்த்துக்கொள்வதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்புறம் அமுங்கும். இந்த வண்டியின் மல்டிலிங்க் அமைப்பில் அமுங்க அமுங்க எதிர்க் கேம்பர் கூடும் என்பதால், நின்ற நிலையில் −3 வைத்தவர் ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பில்தான் ஓடுகிறார். −1 அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கமாக வைத்து, இரு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. அளவுக்கு டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கி) கொடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையை ஏற்றியே அளக்க வேண்டும். உயரத்தை மாற்றினால் கேம்பரும் டோவும் மாறிவிடும், மறுபடி அளக்க வேண்டும். (தெருவிலும் ஓட்டுகிறீர்கள் என்றால், ஜப்பானின் கட்டாய வாகனத் தகுதிச் சோதனையான ஷாகெனுக்கு 9 செ.மீ. தரை இடைவெளி வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

மறுமொழி 2

முன்பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். டென்ஷன் ராடை (சக்கரத்தின் கீழ்க்கையை முன்னே இழுத்துப் பிடிக்கும் தண்டு) சுருக்கினால் கீழ்க்கை முன்னே இழுபட்டுக் காஸ்டர் கூடும். 7 பாகை வாக்கில் வைத்தால், மாற்றத்தின்போது நீங்கள் கையைத் தளர்த்திய கணமே சக்கரம் தானாகச் சறுக்கும் திசைக்கு ஓடும். கை பின்தங்குவது பாதி குறைந்துவிடும். முன் கேம்பரை −4 வரை கொண்டுபோகலாம். காஸ்டர் கூடினால் டயர் முன்னே நகர்ந்து ஃபெண்டர் லைனரில் (சக்கரக் குழியின் உள்மறைப்பு) உரசக்கூடும் என்பதால் முழுத் திருப்பத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்டீயரிங் திரும்பாமல் நிற்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டை ராடும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) கையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால், ரேக்கால் சக்கரத்தை இழுக்கவே முடியாது. முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, முழுத் திருப்பத்தில் வைத்து, டயரைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அடம்பிடித்தால் ஸ்பேசரைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த முறை ஓடுதளத்துக்குப் போக வேண்டும்.

மறுமொழி 3

இருவர் சொன்னதும் சரி; ஆனால் அவற்றுக்கு முன்பாக புஷ்களை (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) பாருங்கள். முப்பது வயது கடந்த ரப்பர் அது. சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) புஷ்ஷும் பின் லிங்குகளின் புஷ்களும் கிழிந்திருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு டோ, விடும்போது வேறொரு டோ. அலைன்மென்ட் இயந்திரம் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. மாற்றத்தின்போது காலை எடுக்கிறீர்கள் அல்லவா, சாடுவதும் அந்த நொடியில்தானே? புஷ்களைச் சரிபார்க்கும்வரை டேம்பர் (ஷாக் அப்சார்பர்) திருகுகளைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நெம்புகோலை வைத்து அழுத்தியதும் இடப்பக்க டோ லிங்க்கின் புஷ் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. புது புஷ், பின் கேம்பர் −1, டோ-இன் 2 மி.மீ., ஒரு ஸ்பேசரும் குறைவு. இவற்றோடு சனிக்கிழமை ஓட்டினேன். திருப்பக் கோணம் சற்றுக் குறைந்துவிட்டது, ஆனால் ஸ்டீயரிங் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. பின்புறம் இப்போது என் கைக்குக் காத்திருந்து மாறுகிறது. காஸ்டரை இன்னும் தொடவில்லை, அடுத்த வாரம் அதை மட்டும் மாற்றிப் பார்க்கப்போகிறேன்.