பாவிக்காத கிரெடிட் காட்: மூடவா, வைச்சிருக்கவா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
என்னட்ட ரெண்டு கிரெடிட் காட் இருக்கு. ஒண்டிலதான் சாமான், பெற்றோல் எல்லாம் போகுது. மற்றது 2019இல வேலை இடத்துக்கே வந்து ஃபோம் நிரப்பித் தந்தது, லிமிற் ரெண்டு லட்சம். ஒரு நாளும் பாவிக்கேல்ல. அலுமாரிக்குள்ள அம்மாவின்ர பென்ஷன் புத்தகத்துக்குக் கீழ, ஒட்டின ஸ்டிக்கர்கூடக் கழட்டாமல் கிடக்கு. வாற வருஷம் வீட்டுக்கடன் கேக்கப் போறம். யூடியூப்பில பழைய காட்டை மூடினால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காக் கட்டுவமோ எண்டு காட்டுற புள்ளி, விழும் எண்டுறாங்கள். சித்தப்பா உடனே வெட்டி எறி எண்டுறார். யாற்ற சொல்லைக் கேக்கிறது?

பம்பலப்பிட்டி வாசி:
அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்க கனக்கப் பாவிக்கிற ஃபைகோ எண்ட கிரெடிட் ஸ்கோர் 300இலிருந்து 850 வரை. அந்த ஸ்கோரில ஏறக்குறைய 30 வீதம், எவ்வளவு கடன் வைச்சிருக்கிறம் எண்டதைப் பொறுத்தது. மொத்த லிமிற் 10,000 டொலர், கடன் 3,000 எண்டால் பாவனை 30 வீதம். அதில 5,000 டொலர் லிமிற் உள்ள பாவிக்காத காட் ஒண்டை மூடினால் அதே கடன் 60 வீதமாத் தெரியும். அதாலதான் மூடாதை எண்டுறாங்கள். இங்க இலங்கையில கிரிப் (CRIB, கொடுகடன் தகவல் பணியகம்) குடுக்கிற ஸ்கோர் 250இலிருந்து 900 வரை, அது வேற முறை.

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, நான் பட்டதைச் சொல்லுறன். என்ர காட்டும் இப்பிடித்தான் சும்மா கிடந்தது. கொட்டாஞ்சேனைக்குள்ளேயே வீடு மாறினன், விலாசத்தை மாத்தேல்ல. ஸ்டேட்மென்ட் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்திருக்கு. வருஷக் கட்டணம் விழுந்து, அதுக்கு மேல லேட் ஃபீ, வட்டி. லீசிங் கேக்கப் போன இடத்தில அந்த அதிகாரி கிரிப் றிப்போட்டை என்ர பக்கம் திருப்பி, நிலுவைக் கட்டத்தில பேனையை வைச்சார். ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்காத காட்! அண்டைக்கு எனக்கு வாய் திறக்கேலாமப் போச்சுது.

காட்டை வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும், கணக்கு உயிரோட இருக்கும். இன்னொண்டு, கடன் தரேக்க பாவிக்காத லிமிற்றையும் உங்கட பொறுப்பாச் சேர்த்துப் பார்க்கிற வங்கிகள் இருக்கு. வீட்டுக்கடனுக்கு இதைக் கட்டாயம் கேளுங்கோ.

கிரிப்பைப் பற்றிக் கனபேர் பிழையா நினைக்கினம். 1990ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால வந்த நிறுவனம் அது. ஒருத்தரையும் கறுப்புப் பட்டியலில போடாது. வங்கிகள் குடுக்கிற விபரத்தைச் சேர்த்துக் காட்டும், கடன் தாறதோ இல்லையோ வங்கியின்ர முடிவு. உங்கட றிப்போட்டை நீங்களே எடுக்கலாம். முதல் அதை எடுங்கோ.

வெள்ளவத்தைப் பிள்ளை:
நன்றி அண்ணா. மத்தியானம் கோல் எடுத்துக் கேட்டன். இதுவரைக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருக்கினம், அடுத்த மாதம் முதல் விழுமாம். கேட்டவுடன நெஞ்சு இடிச்சுது. மற்றக் காட் இதைவிடப் பழசு, ஒழுங்காக் கட்டுறன். அதால இதை மூடப்போறன். கடிதத்தில என்ன எழுத வேணும்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
கணக்கை மூடச் சொல்லி, நிலுவை பூச்சியம் எண்டு எழுத்தில தரச் சொல்லுங்கோ. உங்கட கொப்பியில திகதியோட சீல் அடிப்பிச்சு வாங்குங்கோ. ரெண்டு மாதம் கழிச்சுத் திரும்ப றிப்போட் எடுத்து, மூடினதாக் காட்டுதோ எண்டு பாருங்கோ. பிறகு வீட்டுக்கடன் ஃபோமை நிரப்புங்கோ.