நண்பர்கள் வட்டத்தில் யார் பேச்சு எடுபடுகிறது? உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் கல்லூரிக் கூட்டத்தில் ஆண்கள் ஆறு பேர், பெண்கள் மூன்று பேர். பாசத்துக்குக் குறையே கிடையாது. ஒருமுறை வீட்டுக் கடன் பற்றிப் பேச்சு வந்தது. நான் வங்கியில் அந்தப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். "2019 அக்டோபருக்கு முன்னாடி வாங்கின கடன்னா, ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைச்சா, அதோட சேர்ந்து நம்ம வட்டி தானா குறையாது. வங்கியில எழுதிக் கொடுத்து ரெப்போ வட்டிக்கு மாத்திக்கணும்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் அதையே சொன்னான். "சூப்பர் மச்சி, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்கள். பக்கத்திலிருந்த தோழிதான், "அவ அப்பவே சொன்னாளே" என்றாள்.

1975-ல் அமெரிக்காவில் ஜிம்மர்மேன், வெஸ்ட் என்ற இருவர் ஆணும் பெண்ணும் பேசிய உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள். 48 குறுக்கீடுகளில் 46 ஆண்கள் செய்தவை. சின்ன ஆய்வுதான், ஆனால் படித்தபோது எங்கள் மேசைதான் கண்முன் வந்தது. இப்போது எங்களில் ஒருத்தியின் பேச்சை யாராவது வெட்டினால், "இரு, அவ முடிக்கட்டும்" என்று இன்னொருத்தி சொல்லிவிடுகிறோம்.

மறுமொழி:

நான் ஆண். எங்கள் விடுதி நண்பர்களிடம் என் பேச்சும் நன்றாகவே எடுபடும், இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வராத வரை. "கோட்டாவுல சீட் வாங்கினவன்" என்று யாரையாவது சொல்வார்கள், உடனே ஒருத்தன் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவான். நான் எஸ்.சி. என்பது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். அதில் எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. மீதி 50-ம் பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு. ஒருநாள் ஒவ்வொருத்தனிடமும், "உன் சாதிச் சான்றிதழ்ல என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டேன். பி.சி., எம்.பி.சி., மறுபடி பி.சி. அப்புறம் ஒருவன் சொன்னான்: "விடுடா, ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு சாதி?" அவர்கள் கோட்டா பற்றிப் பேசிய இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. நான் வாயைத் திறந்ததும் எழுந்தது. அந்த நட்பை நான் விடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போது இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை, உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

மறுமொழி:

பெண்கள் மட்டும் இருக்கிற இடத்திலும் இது உண்டு. நான் பள்ளி ஆசிரியை, குழந்தை இல்லை. தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஆர்.டி.இ. என்ற கல்வி உரிமைச் சட்டப்படி ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதைத் தோழிகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "உனக்குப் பிள்ளை இருந்தாத்தான்டி இந்தக் கஷ்டம் தெரியும்" என்று ஒருத்தி முடித்துவிட்டாள். பிறகு அவளே தனியாக போன் செய்து, யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.