மலை ஏறுறப்ப ஆர்பிஎம் மட்டும் எகிறுது, வண்டி நகரல. கிளட்ச் தானா?

மாங்கனியூரான்:
எல்லாருக்கும் வணக்கம். 2013 மாடல் டீசல் செடான், 5 கியர் மேனுவல், 82,000 கிமீ ஓடிருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பழைய ஓனர் கிளட்ச் மாத்துனாரா இல்லையானு ஒரு ரெக்கார்டும் கிடையாது. போன வாரம் குடும்பத்தோட ஏற்காடு போனோம், 20 ஹேர்பின்ல பாதி தாண்டுனதும் ரெண்டாவது கியர்ல வளைவு முடிச்சு ஆக்சிலரேட்டர் குடுத்தா சவுண்டு தான் ஏறுது, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) முள்ளு 2,000-லருந்து விறுவிறுனு 3,000 தாண்டிப் போகுது, வண்டி அதே ஊர்ற ஸ்பீடுல தான் இருக்கு. கூடவே தேங்கா நாரு கருகுற மாதிரி ஒரு நாத்தம், ஏசி வழியா உள்ள வரைக்கும் வந்துருச்சு.

சேலம் டவுனுக்குள்ள ஓட்டுறப்ப பெருசா ஒண்ணும் தெரியல. கியர் சுத்தமா விழுது. பெடல் மட்டும் முன்னைவிட ஹார்டு, ரொம்ப மேல வந்த பிறகு தான் எடுக்குது. ஒரு ஒர்க்ஷாப்புல பிரிச்சே பாக்காம ஃப்ளைவீலோட (கிளட்ச் ஒட்டுற, இன்ஜினோட சுத்துற கனமான சக்கரம்) முழு கிளட்ச் செட்டும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க, இன்னொருத்தர் கிளட்ச் டிஸ்க் மட்டும் போட்டா போதும்ங்கிறார். வீட்ல டர்போ போயிருக்கும்னு ஒரு கருத்து. யார் சொல்றத எடுத்துக்கறது?

பைபாஸ்_பயணி:
டர்போவ விடுங்க ப்ரோ. டர்போ போனா இழுவை குறையும், ஆனா அப்ப ஆர்பிஎம்மும் சேந்து மந்தமா தான் ஏறும். கியர்ல போட்டு கிளட்ச்ச முழுசா விட்டுட்டா ஆர்பிஎம்மும் ஸ்பீடும் ஒண்ணாத்தான் ஏறணும், இறங்கணும், வேற வழியே இல்ல. முள்ளு தனியா ஓடி ஸ்பீடு பின்தங்குதுன்னா நடுவுல எதோ வழுக்குது, அந்த எதோ கிளட்ச் தான்.

டவுன்ல ஏன் தெரியலன்னா அங்க நீங்க முழு டார்க்க (இன்ஜின் சுத்துற விசைய) கேக்குறதே இல்ல. உறுதி பண்ணிக்க, காலியான நேரோட்டமான ரோட்டுல பின்னாடி வண்டி இல்லாதப்ப நாலாவது கியர்ல 45, 50 ஸ்பீடுல போயிட்டு ஆக்சிலரேட்டர முழுசா மிதிங்க. டீசல்ல 2,000 ஆர்பிஎம் சுத்துவட்டாரத்துல தான் டார்க் உச்சம், தேஞ்ச கிளட்ச் அங்க தான் முதல்ல கைய விரிக்கும். ஒரு தடவ பாத்தா போதும், திரும்பத் திரும்பப் பண்ணா மிச்சம் இருக்குறதும் கருகிரும்.

கியர் விழ மறுக்கறது, ரிவர்ஸ் போட்டா கரகரங்கறது எல்லாம் இதுக்கு நேர் எதிர் கேஸ், அதுல கிளட்ச் முழுசா விடுபடல, அதுக்கு கிளட்ச் ஆயில் லெவல், பெடல் அழுத்தத்த அந்த ஆயில் வழியா கிளட்ச்சுக்குக் கொண்டு போற மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் பக்கம் பாக்கணும். உங்களுக்கு அது இல்ல.

கிரீஸ்_கை:
தம்பி, நான் ஓமலூர் பக்கம் ஷெட் வச்சிருக்கேன், மேல சொன்னது சரி தான். பெடல் ஹார்டு, மேல வந்து எடுக்குதுங்கறது தேய்மானத்தோட அடையாளம். டிஸ்க் மெலிசாக மெலிசாக அத ஃப்ளைவீலோட அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்ல டயஃப்ரம் ஸ்பிரிங் படுக்குற கோணம் மாறும், அதான் காலுக்கு கனமா தெரியுது.

ஆனா தேஞ்சு தான் வழுக்குதா, ஆயில் பட்டு வழுக்குதாங்கறத பிரிக்கறதுக்கு முன்னாடியே ஓரளவு பாத்துரலாம், இத நிறைய பேரு பாக்கறதில்ல. வண்டிய தூக்கி இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல அடில கைய விட்டுத் தடவிப் பாருங்க. கறுப்பா வழவழனு இருந்தா கிராங்க் ரியர் ஆயில் சீல் (இன்ஜின் பின்பக்கம் ஆயில தடுக்குற வளையம்) கசியுது. கியர் ஆயிலுக்குன்னு ஒரு கந்தக வாசம் இருக்கும், அது வந்தா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். சீல மாத்தாம புது செட்டப் போட்டா கொஞ்ச நாள்லயே அதே பிரச்சினை திரும்ப வரும், கியர்பாக்ஸ மறுபடி இறக்கணும், கூலி ரெண்டு தடவ. சீல் விலை இந்தக் கூலிக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, கசியலன்னாலும் இறக்குன கையோட மாத்திருங்கனு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஹேண்ட்பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச்ச விடுற டெஸ்ட்டும் உண்டு, நல்ல கிளட்ச்னா இன்ஜின் உடனே ஆஃப் ஆகணும். ஆனா ஹேண்ட்பிரேக் வீக்கா இருந்தா வண்டி பாஞ்சிரும், முன்னாடி ஆளோ சுவரோ இருக்கக் கூடாது.

கோவை_74:
டிஸ்க் மட்டும் போட்டு ஓட்டுறவங்க நிறைய பேரு இருக்காங்களே அண்ணே, பிரஷர் பிளேட் முகம் நல்லா இருந்தா எதுக்கு வீண் செலவு?

கிரீஸ்_கை:
முகம் நல்லா இருந்தாலும் அந்த டயஃப்ரம் விரல் நுனிய பாருங்க, பெடல மிதிக்கறப்ப அத தள்ளுற ரிலீஸ் பேரிங் உக்காந்து உக்காந்து பள்ளம் விழுந்திருக்கும். 80,000 ஓடுன ஸ்பிரிங்க புது டிஸ்க்கோட சேத்தா டிஸ்க் மட்டும் தான் புதுசு. சரக்கு ஏத்துற லோடு வண்டில அவசரத்துக்கு டிஸ்க் மட்டும் போடுறது நடக்கறது தான், ஆனா மலைக்கு குடும்பத்த ஏத்திட்டுப் போற வண்டிக்கு டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் ஒரே கம்பெனி செட்டா போடுங்க. வேலியோ, லுக், எக்ஸெடி எதுவானாலும் சரி, உங்க வண்டி பார்ட் நம்பரோட பில்லு போட்டு வாங்குங்க, டூப்ளிகேட் ஓடுற ஐட்டம் இது.

ஃப்ளைவீல பிரிக்காமலே மாத்தணும்னு சொன்னது தப்பு. சாதா ஃப்ளைவீல்னா முகத்துல நீலமா சூட்டுப் புள்ளி, முடி மாதிரி வெடிப்பு இருக்கானு பாக்கணும். லேசான கோடுன்னா லேத்துல ஸ்கிம்மிங் (முகத்த லேசா சீவி சமமாக்கறது) பண்ணலாம், வெடிப்பு ஆழமா போயிருந்தா மாத்தித்தான் ஆகணும். டூயல் மாஸ் டைப்னா (ரெண்டு துண்டு, நடுவுல ஸ்பிரிங்) கதை வேற, அத லேத்துக்கு அனுப்பக் கூடாது, கையால ரெண்டு பக்கமும் திருப்பி ஆட்டம் எவ்ளோனு கம்பெனி அளவோட ஒப்பிடணும், உள்ள இருக்குற கிரீஸ் வெளிய தெறிச்சிருந்தா ஆயுசு முடிஞ்சது. உங்க வண்டில எது இருக்குனு மொதல்ல கேட்டு வச்சுக்குங்க, செலவுல பெரிய வித்தியாசம் அங்க தான்.

மாங்கனியூரான்:
ரொம்ப நன்றி அண்ணே, ப்ரோ. நாலாவது கியர் டெஸ்ட் பண்ணேன், மிதிச்ச உடனே முள்ளு எகிறிருச்சு, சந்தேகமே இல்ல. அடில காஞ்சு தான் இருக்கு, ஆயில் இல்ல. நேத்து வேற ஒரு ஷெட்ல கூட நின்னு இறக்க வச்சோம். டிஸ்க்ல ஒரு பக்கம் ரிவெட் தலை லைனிங்கோட (டிஸ்க்ல உரசித் தேயுற பரப்பு) சமமா பளபளனு தெரியுது, பெல் ஹவுசிங் (கிளட்ச் உக்காந்திருக்குற கூடு) உள்ள பூரா கறுப்பு மாவு. சாதா ஃப்ளைவீல் தான், ரெண்டு நீலப் புள்ளி, வெடிப்பு இல்ல, லேத்துக்குப் போயிருக்கு. இன்னைக்கு மாட்டுறாங்க, என்ன என்ன கவனிக்கணும்?

கிரீஸ்_கை:
நிறைய மேனுவல்ல ரிவெட் தலைக்கு மேல 0.3 மில்லிமீட்டருக்குக் கீழ லைனிங் வந்தாலே டிஸ்க்க மாத்தணும்னு போட்டிருப்பான், உங்களுது அதையும் தாண்டிருச்சு, நல்ல நேரத்துல இறக்குனீங்க.

புது பிரஷர் பிளேட்ல துரு பிடிக்காம இருக்க ஆயில் பூசி வரும், பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணில துடைக்கணும். லைனிங்க கிரீஸ் கையோட தொடவே கூடாது. டிஸ்க்ல ஃப்ளைவீல் பக்கம் எதுன்னு எழுதிருக்கும், திருப்பிப் போட்டா கிளட்ச் விடுபடாது. சென்டர் பண்ண டம்மி ஷாஃப்ட் இருக்கானு கேளுங்க, கண் அளவுல வச்சு கியர்பாக்ஸ தள்ளி உள்ள ஏத்துனா ஸ்ப்ளைன்ல (டிஸ்க் நடுவுல ஷாஃப்ட் நுழையுற பல்லு) அடிபடும், கியர்பாக்ஸ் பாரத்த டிஸ்க் மேல தொங்கவும் விடக் கூடாது. போல்ட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணி கடைசில டார்க் ரெஞ்ச். ஸ்ப்ளைன்ல கிரீஸ் மெலிசா ஒரு கை தான், அதிகமானா தெறிச்சு லைனிங்ல போய் ஒட்டிக்கும்.

ரிலீஸ் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒண்ணா உள்ளயே உக்காந்திருக்குற டைப்னா அதையும் இப்பவே மாத்துங்க, கிளட்ச் ஆயில் புதுசா ஊத்தி அதுல இருக்குற ஏர் எடுக்கச் சொல்லுங்க. கியர் ஆயில் வடிச்சிருப்பாங்க, லெவல் பாத்து ஊத்துனாங்களானு நின்னு பாருங்க. முதல் 500 கிமீ மலையும் வேண்டாம், ஃபுல் லோடும் வேண்டாம், லைனிங் படிஞ்சு உக்காரட்டும். வண்டி எடுக்கறப்ப பழைய சாமான் மூணையும் கேட்டு டிக்கில போட்டுக்கிட்டு வாங்க.